நூறு ஓட்டு வித்தியாசத்தில் எண்ணும் மேசை: செட்டிநாட்டுக் கவுன்டிங் ஏஜென்ட்டுகளுக்கு

2009-இல் சிவகங்கை மக்களவைத் தொகுதியில் ப. சிதம்பரம் வாங்கியது 3,34,348 ஓட்டு. ராஜ கண்ணப்பன் வாங்கியது 3,30,994. வித்தியாசம் 3,354. அதற்கு ஐந்து வருஷம் முன்னால், கரீபியன் கடலில் அமெரிக்க ஆட்சிப்பகுதியாக இருக்கும் போர்ட்டோ ரிக்கோ தீவில் கவர்னர் தேர்தல் நடந்தது. அங்கே கவர்னர் என்றால் டில்லியிலிருந்து வந்து இறங்குகிற நம்மூர் கவர்னர் மாதிரி இல்லை. ஜனங்களே ஓட்டுப்போட்டு உட்கார வைக்கிறவர். அனிபால் அசெவெடோ விலாவுக்கும் பெட்ரோ ரொசெயோவுக்கும் நடுவில் ஏறத்தாழ இருபது லட்சம் ஓட்டில் வித்தியாசம் 3,566. நவம்பர் 2-ஆம் தேதி பதிவான ஓட்டை டிசம்பர் கடைசிவரை திரும்ப எண்ணினார்கள்.

அந்தத் தீவில் சண்டை கூட்டல் கழித்தலில் வரவில்லை. ஒரு கட்சியின் சின்னத்துக்குக் கீழே குறி போட்டுவிட்டு, கவர்னர் பதவிக்கு வேறு கட்சிக்காரருக்குக் குறி போட்ட சீட்டுகள் ஆயிரக்கணக்கில் இருந்தன. அவை செல்லுமா செல்லாதா என்பதுதான் வழக்கு. போர்ட்டோ ரிக்கோ உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. அமெரிக்க மத்திய கோர்ட்டு வரை இழுத்தும் அது மாறவில்லை.

வித்தியாசம் பெரிதாக இருந்தால் எண்ணும் மேசையில் ஏஜென்ட் தூங்கினாலும் பாதகமில்லை. சில நூறுக்குள் வந்துவிட்டால், எந்த ஓட்டு ஓட்டாகச் சேரும், அதை அந்த நேரத்தில் யார் காகிதத்தில் குறித்து வைத்தார்கள் என்ற இரண்டில்தான் முடிவு நிற்கிறது. காரைக்குடி, திருப்பத்தூர், திருமயம் தொகுதிகளில் முதல் தடவையாக வேட்பாளர் சார்பில் எண்ணும் மேசைக்குப் போகிறவர்களை மனத்தில் வைத்து இது எழுதப்படுகிறது.

ஓட்டுப்பதிவு அன்று இரவே வேலை தொடங்குகிறது

எண்ணிக்கை நாளில் உங்கள் கையில் இருக்க வேண்டிய முதல் ஆயுதம் படிவம் 17சி, முதல் பாகம். பூத்தில் பதிவான ஓட்டின் கணக்குத் தாள் அது. ஓட்டுப்பதிவு முடிந்ததும் வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் இதை நிரப்புவார். அப்போது அங்கே இருக்கும் ஒவ்வொரு பூத் ஏஜென்ட்டுக்கும் அதன் நகலைக் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டியது அவர் கடமை (1961 தேர்தல் நடத்தை விதிகள், விதி 49எஸ்). ஆறு மணிக்குக் கூட்டம் குறைந்ததும் ‘நம்ம வேலை முடிஞ்சது’ என்று பூத் ஏஜென்ட் கிளம்பிப் போய்விடுவதுதான் எல்லா ஊரிலும் நடக்கிற தப்பு. கண்டனூரிலும் கானாடுகாத்தானிலும் விட்டுப்போன அந்த ஒரு தாளைப் பிறகு யாரிடமும் கேட்டு வாங்க முடியாது.

தாள் கையில் வந்ததும் நின்ற இடத்திலேயே ஐந்து எண்களைப் பாருங்கள். 17ஏ என்ற வாக்காளர் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டவர்கள் எத்தனை பேர். கையெழுத்துப் போட்ட பிறகு ஓட்டுப் போடாமல் திரும்பியவர்கள் எத்தனை பேர். விதி மீறியதால் ஓட்டு மறுக்கப்பட்டவர்கள் எத்தனை பேர். விவிபாட் (யாருக்கு ஓட்டு விழுந்தது என்று சீட்டில் அச்சடித்துக் காட்டும் கருவி) தப்பாகக் காட்டுகிறது என்று புகார் வந்து போட்டுப்பார்த்த சோதனை ஓட்டு உண்டா. கடைசியாக, இயந்திரம் காட்டும் மொத்தம். முதல் எண்ணிலிருந்து திரும்பியவர்களையும் மறுக்கப்பட்டவர்களையும் கழித்து வருவதும், இயந்திர மொத்தமும் ஒன்றாக இருக்க வேண்டும். சோதனை ஓட்டுக்கும் 17ஏ-யில் இரண்டாவது பதிவு உண்டு; அதை எண்ணும்போதுதான் கழிப்பார்கள். பர்மாவிலும் மலாயாவிலும் கடை வைத்துத் தினக்கணக்கு எழுதியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இது புதிதில்லை. ஐந்தொகையில் ஒரு காசு இடித்தால் அன்றே தேடுவார்கள், மறுநாளைக்குத் தள்ளமாட்டார்கள்.

அதே தாளில் கட்டுப்பாட்டுக் கருவியின், அதாவது கன்ட்ரோல் யூனிட்டின் வரிசை எண்ணும் பச்சைத் தாள் முத்திரையின் எண்ணும் இருக்கும். இவை தெளிவாக விழுந்திருக்கின்றனவா பாருங்கள். கார்பன் நகலில் 3-உம் 8-உம் ஒன்றுபோலத் தெரியும். மங்கலாக இருந்தால் பக்கத்தில் பேனாவால் எழுதிக்கொள்ளுங்கள். தன் பெயரில் வேறொருவர் முன்பே ஓட்டுப் போட்டுவிட்டதால் ஆய்வுக்குரிய வாக்குச்சீட்டு (49பி என்று எல்லோரும் சொல்வது) எத்தனை பேருக்குக் கொடுத்தார்கள் என்பதும் அங்கேதான் இருக்கிறது. அது பிறகு தேவைப்படும்.

யாரை அனுப்புவது

ஒரு சட்டமன்றத் தொகுதிக்குப் பொதுவாக 14 மேசை, அதோடு தேர்தல் நடத்தும் அலுவலரின் (ஆர்.ஓ.) மேசை. தபால் ஓட்டுக்குத் தனி மேசைகள் உண்டு. ஏஜென்ட் நியமனம் படிவம் 18-இல். எண்ணும் நாளுக்கு மூன்று நாள் முன்பு மாலை 5 மணிக்குள், புகைப்படங்களோடு ஆர்.ஓ.விடம் பட்டியல் போய்ச் சேர வேண்டும். அமைச்சர், எம்.பி., எம்.எல்.ஏ., அரசுப் பாதுகாப்பு வாங்கியிருப்பவர்கள் ஏஜென்ட்டாக உட்கார முடியாது.

கட்சியில் நீண்டகாலம் உழைத்தவர் என்பதற்காக யாரையும் மேசைக்கு அனுப்பாதீர்கள். கண் நன்றாகத் தெரிய வேண்டும். கம்பி வலைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துதான் அந்தப் பக்கத்து டிஸ்ப்ளேயைப் படிக்க வேண்டும். வேகமாகக் கூட்டத் தெரிய வேண்டும். சத்தம் போடாமல் ‘இன்னொரு தடவை காட்டுங்க சார்’ என்று பத்துத் தடவை கேட்கும் பொறுமை வேண்டும். ஓய்வு பெற்ற கூட்டுறவு வங்கிக் காசாளர், பலசரக்குக் கடையில் கணக்கு எழுதும் பையன், பத்தாம் வகுப்புக் கணக்கு டியூஷன் எடுக்கும் பெண் ஆகியோர் பொருத்தமானவர்கள். தபால் ஓட்டு மேசைக்கு மட்டும் படிவங்களைப் படித்துப் பழகிய ஆள் கட்டாயம். பத்திர எழுத்தர் கிடைத்தால் விடாதீர்கள்.

சிவகங்கை மாவட்டத்துக்குப் பழக்கமான எண்ணும் மையம் காரைக்குடி அழகப்ப செட்டியார் பொறியியல் கல்லூரி. உள்ளே செல்போன் கிடையாது. காகிதம், பேனா, 17சி நகல்கள் ஆகியவற்றை மட்டும்தான் கொண்டுபோக முடியும். நினைத்தபோது வெளியே போய் வரவும் முடியாது என்பதால் சர்க்கரை நோய் உள்ளவர்கள் மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் என்ன ஏற்பாடு என்று முந்தின நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.

மேசையும் சுற்றும்

உங்கள் மேசைக்கு எந்த பூத் எந்தச் சுற்றில் வரும் என்பதை முன்பே எழுதிவிடலாம். சுற்று எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்து, 14-ஆல் பெருக்கி, மேசை எண்ணைக் கூட்டுங்கள். ஐந்தாம் மேசைக்கு 5, 19, 33, 47 என்று வரும். 300 பூத் என்றால் 22 சுற்று. கடைசிச் சுற்றில் 6 மேசையில்தான் வேலை. ஆனால் ‘5ஏ’, ‘112ஏ’ மாதிரித் துணை வாக்குச்சாவடி இருந்தால் அங்கிருந்து வரிசை முழுக்க ஒன்று நகரும். இதைக் கவனிக்காதவர்கள் மூன்றாம் சுற்றில் தப்பான 17சி-யை வைத்துக்கொண்டு ‘நம்பர் ஒத்துவரலை’ என்று கத்துவார்கள். உண்மையிலேயே ஒத்துவராதது பின்னால் வரும்போது அவர்கள் பேச்சை யாரும் காதில் வாங்கமாட்டார்கள்.

குறிப்புத் தாளில் ஒரு பூத்துக்கு ஒரு வரி. பூத் எண், கருவி எண், பச்சை முத்திரை எண், 17சி மொத்தம், இயந்திர மொத்தம், பிறகு வேட்பாளர்கள் வரிசை எண்படி, கடைசியில் நோட்டா, கூட்டல். இயந்திரம் பெயரைக் காட்டாது. ‘வேட்பாளர் 7’ என்று எண்ணும் ஓட்டும்தான் வரும். நெருக்கமான தொகுதிகளில் அதே பெயரில் இரண்டு மூன்று சுயேச்சைகள் நிற்பது வழக்கமாகிவிட்டதால், ஒவ்வொரு எண்ணுக்கும் மேலே பெயரையும் சின்னத்தையும் எழுதி வைக்காவிட்டால் 7-உம் 9-உம் குழம்பும்.

எட்டு மணி: தபால் ஓட்டு

நெருக்கமான தேர்தலில் நேரத்தை அதிகம் செலவிட வேண்டிய இடம் இதுதான். இயந்திரத்தில் வாதாட அதிகம் இல்லை, தபால் ஓட்டில் இருக்கிறது.

ஆர்.ஓ.வின் மேசையில் காலை 8 மணிக்குத் தபால் ஓட்டு தொடங்கும்; அரை மணி நேரம் கழித்து இயந்திர எண்ணிக்கை. 8 மணி வரை வந்து சேர்ந்த உறைகள் மட்டுமே கணக்கில் சேரும் என்பதால், தொடங்கும் முன்பே ‘மொத்தம் எத்தனை உறை வந்திருக்கிறது’ என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அரசு ஊழியர், வீட்டிலிருந்தே ஓட்டுப்போட்ட முதியவர்களும் மாற்றுத்திறனாளிகளும், ராணுவத்தினர் என்று வகைவாரியாகக் கேட்டால் இன்னும் நல்லது. ராணுவத்தினர் உறையில் கியூஆர் கோடு ஸ்கேன் செய்வது தனி வேலை. அது மெதுவாகத்தான் நகரும், பதற வேண்டாம்.

ஓர் உறை திறக்கப்படும் வரிசையை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். வெளியுறை 13சி. அதற்குள் இரண்டு இருக்க வேண்டும்: 13ஏ உறுதிமொழித் தாள், 13பி என்ற ஒட்டிய உள்ளுறை. முதலில் 13ஏ-யைத்தான் பார்ப்பார்கள். அது உள்ளே இல்லாவிட்டாலோ, ஓட்டுப்போட்டவர் கையெழுத்து இல்லாவிட்டாலோ, சான்றளிக்கும் அதிகாரி முறைப்படி சான்றளிக்காவிட்டாலோ, அதிலுள்ள சீட்டு எண்ணும் 13பி உறைமேல் எழுதிய எண்ணும் வேறாக இருந்தாலோ, உள்ளுறையைத் திறக்காமலே நிராகரிப்பார்கள். இதைத் தாண்டியவை மட்டும் 13பி திறக்கும் கட்டத்துக்குப் போகும். அங்கே யாருக்கும் குறி இல்லை, இரண்டு பேருக்குக் குறி, யாருக்கு என்றே தெரியாத குறி, ஓட்டுப்போட்டவரைக் காட்டிக்கொடுக்கும் எழுத்து ஆகிய காரணங்களுக்காக இரண்டாவது முறை நிராகரிப்பு. டிக், பெருக்கல் குறி, வட்டம் எதுவானாலும் எண்ணம் தெளிவாகத் தெரிந்தால் செல்லும்.

ஆக நிராகரிப்பு இரண்டு குவியல். திறக்காதது ஒன்று, திறந்து தள்ளியது ஒன்று. இரண்டையும் தனித்தனியாக, காரணவாரியாகக் குறியுங்கள். ‘13ஏ இல்லை: 14, சான்று இல்லை: 31, எண் பொருந்தவில்லை: 6’ என்கிற மாதிரி. உங்கள் ஆட்சேபம் எந்த உறைமேல் என்றால் அந்தச் சீட்டின் வரிசை எண்ணையும் எழுதுங்கள்.

இந்தக் குறிப்பின் மதிப்பு ராதாபுரத்தில் தெரிந்தது. 2016 சட்டமன்றத் தேர்தலில் அங்கே வித்தியாசம் 49. தோற்ற அப்பாவு தொடர்ந்த வழக்கின் மையமே 203 தபால் ஓட்டு. தலைமையாசிரியர் சான்றளித்தது செல்லாது என்று தள்ளப்பட்டவை அவை. 2019 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் அவற்றையும் கடைசி மூன்று சுற்று இயந்திர ஓட்டுகளையும் திரும்ப எண்ணச் சொன்னது. எண்ணியும் முடித்தார்கள். முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. 203 என்ற எண் கையில் இல்லாமல் ‘நிறைய தபால் ஓட்டைத் தள்ளிட்டாங்க’ என்று மட்டும் சொல்லியிருந்தால் அந்த வழக்கு முதல் படியைத் தாண்டியிருக்காது.

இன்னொரு விதி கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். எண்ணும்போது செல்லாதவை என்று தள்ளப்பட்ட தபால் ஓட்டின் எண்ணிக்கையைவிட வெற்றி வித்தியாசம் குறைவாக இருந்தால், தள்ளிய ஓட்டுகள் அத்தனையையும் ஆர்.ஓ. முடிவு அறிவிக்கும் முன் மறுபடி சரிபார்த்தாக வேண்டும். யாரும் கெஞ்ச வேண்டியதில்லை, தேர்தல் ஆணையத்தின் உத்தரவு அது. அறை பரபரப்பாக இருக்கும்போது இதை நினைவுபடுத்தும் ஒரு ஆள் மட்டும் வேண்டும்.

இயந்திரம் மேசைக்கு வரும்போது

கட்டுப்பாட்டுக் கருவி மட்டும்தான் மேசைக்கு வரும். முதலில் எண். கருவியின் எண்ணும் பச்சைத் தாள் முத்திரையின் எண்ணும் 17சி-யோடு பொருந்துகின்றனவா பாருங்கள். வெளிமுத்திரை கிழிந்திருந்தாலும் உள்ளே பச்சைத் தாள் முத்திரை முழுசாக இருந்தால் கருவியைத் தொட்டிருக்க முடியாது. அதற்காகச் சுற்றை நிறுத்தச் சொல்லாதீர்கள், ஆனால் குறித்துக்கொள்ளுங்கள். பச்சை முத்திரையே கிழிந்திருந்தாலோ எண் வேறாக இருந்தாலோ அங்கேயே நிறுத்தி ஆர்.ஓ.வையும் தேர்தல் ஆணையப் பார்வையாளரையும் கூப்பிடச் சொல்லுங்கள்.

அடுத்து டோட்டல் பட்டன். வரும் எண் 17சி மொத்தத்தோடு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் எவ்வளவு வித்தியாசம் என்று பாருங்கள். பெரும்பாலும் வித்தியாசமே காரணத்தைச் சொல்லிவிடும். 17சி-யில் 842, இயந்திரத்தில் 892 என்றால் காலையில் போட்ட மாதிரி ஓட்டு அழிக்கப்படவில்லை. ஓட்டுப்பதிவுக்கு ஒன்றரை மணி நேரம் முன்பு குறைந்தது 50 மாதிரி ஓட்டுப் போட்டுப் பார்த்து, ‘கிளியர்’ அழுத்தி அழிக்க வேண்டும். மறந்துபோனால் இப்படித்தான் வந்து நிற்கும். ஒன்று இரண்டு வித்தியாசம் என்றால் 17ஏ-யில் கையெழுத்துப் போட்டு ஓட்டுப் போடாமல் போனவர்களை எழுத மறந்திருப்பார்கள்.

இப்படி இடிக்கிற கருவியையும், கடைசியில் ‘குளோஸ்’ அழுத்தாமல் விட்டுப்போன கருவியையும், டிஸ்ப்ளே எரியாத கருவியையும் ஓரமாக வைத்துவிட்டு எண்ணிக்கை தொடரும். டிஸ்ப்ளே எரியாததற்குப் பதில் விவிபாட் சீட்டை எண்ணுவார்கள். மற்ற இரண்டில், எல்லாச் சுற்றும் முடிந்த பிறகு அந்த பூத்துகளின் மொத்த ஓட்டைவிட வித்தியாசம் அதிகமாக இருந்தால் அவற்றைத் தொடமாட்டார்கள். குறைவாகவோ சமமாகவோ இருந்தால் விவிபாட் சீட்டை எண்ணுவார்கள். ஆகவே ஓரமாகப் போன ஒவ்வொரு கருவியின் பூத் எண்ணும் 17சி மொத்தமும் உங்கள் தலைமை ஏஜென்ட்டிடம் தனித்தாளில் இருக்க வேண்டும். பதினைந்தாம் சுற்றில் மறந்துபோன ஒரு பெட்டி கடைசியில் தேர்தலையே மாற்றும்.

பிறகு ரிசல்ட் பட்டன். எண்கள் நகரும் வேகம் முதல் தடவை பார்ப்பவருக்குப் போதாது. திரும்ப அழுத்தச் சொல்லிக் கேட்கலாம். எத்தனை தடவை அழுத்தினாலும் எண் மாறாது, அழியாது. எழுதியதைக் கூட்டி மொத்தத்தோடு ஒப்பிட்ட பிறகே 17சி இரண்டாம் பாகத்தில் கையெழுத்துப் போடுங்கள். அந்தப் பாகத்தை நிரப்புகிறவர் மேற்பார்வையாளர், அதாவது காலை ஐந்து மணிக்கு எழுந்து வந்த ஒரு மனிதர். 318-ஐ 381 என்று எழுதுவது கெட்ட எண்ணத்தால் வருவதில்லை. இயந்திரத்தில் தப்பு நேர்வது அபூர்வம். இயந்திரத்திலிருந்து தாளுக்கும், தாளிலிருந்து கம்ப்யூட்டருக்கும் போகும் இரண்டு தாவலில்தான் தப்பு நேர்கிறது. அதனால் சுற்று முடிந்து கரும்பலகையில் எழுதும் எண்ணை, 14 மேசைத் தாள்களையும் கூட்டி நீங்களே சரிபார்க்க ஒரு ஆளை ஆர்.ஓ. மேசையில் நிரந்தரமாக வையுங்கள். இந்த ஒரு ஆள் இல்லாத அணி மற்ற 14 பேரை வைத்து என்ன செய்தாலும் பாதி வேலைதான்.

குவாமின் 609

எது ஓட்டு என்ற கேள்வி எவ்வளவு தூரம் போகும் என்பதற்குப் பசிபிக் கடலில் குவாம் தீவைப் பார்க்கலாம். அதுவும் அமெரிக்க ஆட்சிப்பகுதி. நம் ஊர் ஒரு சட்டமன்றத் தொகுதியில் விழுவதைவிட மிகக் குறைந்த ஓட்டு. அங்கே கவர்னராக வேண்டுமானால் முதலிடம் போதாது, பாதிக்கு மேல் வேண்டும். இல்லாவிட்டால் இரண்டாம் சுற்றுத் தேர்தல். 1998-இல் கார்ல் குட்டியெரஸ் அணி 24,250; ஜோசப் அடா அணி 21,200; வேறு பெயர்களை எழுதிப் போட்டவை 1,294; இரண்டு அணிக்கும் குறி போட்டவை 1,313; கவர்னர் பகுதியில் எதுவுமே குறிக்காதவை 609.

ஐந்தையும் கூட்டினால் 48,666. அதில் குட்டியெரஸ் 49.83 சதவீதம், பாதிக்குக் கீழே. கடைசி இரண்டையும் விட்டுவிட்டால் 46,744. அதில் அவர் பாதியைத் தாண்டிவிடுகிறார். அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 2000 ஜனவரியில் ‘கவர்னருக்குப் போடாத சீட்டு கவர்னர் தேர்தலின் ஓட்டு ஆகாது’ என்று தீர்ந்தது. அதே தீவில் 2010-இல் எடி கால்வோ ஜெயித்தது 487 ஓட்டில்.

நமக்குப் பாதி என்ற கணக்கு கிடையாது. ஒரு ஓட்டு கூட இருந்தால் போதும். நோட்டாவும் செல்லாத ஓட்டும் வெற்றிக் கணக்கை மாற்றாது. ராஜஸ்தானில் நாத்துவாராவில் 2008-இல் சி.பி. ஜோஷி தோற்றது ஒரே ஓட்டில். அந்த வழக்கில் ஆய்வுக்குரிய ஓட்டுகளை எண்ணுவது பற்றிய கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. எண்ணும் அறையில் 49பி ஓட்டை யாரும் திறக்கமாட்டார்கள், கேட்டும் பயனில்லை. 17சி-யிலிருந்து அதன் எண்ணிக்கையை மட்டும் கூட்டி வைத்துக்கொள்ளுங்கள், வழக்குக்கு வேண்டியிருக்கும்.

கையெழுத்துக்கு முன்னால் இருக்கும் கொஞ்ச நேரம்

எல்லாச் சுற்றும் முடிந்தது, படிவம் 20-இல் ஒவ்வொருவர் மொத்தத்தையும் ஆர்.ஓ. வாசித்துவிட்டார். இன்னும் கையெழுத்துப் போடவில்லை. மறு எண்ணிக்கை கேட்கும் உரிமை இந்த இடைவெளியில் மட்டும்தான் உயிரோடு இருக்கிறது. கேட்பதற்கு நியாயமான அவகாசம் தந்த பிறகுதான் அவர் கையெழுத்திட வேண்டும். கையெழுத்திட்ட பிறகு கேட்டால் வாங்கவே மாட்டார். வேட்பாளர், அவர் இல்லாவிட்டால் தலைமை ஏஜென்ட் அல்லது கவுன்டிங் ஏஜென்ட் யாராவது எழுதிக் கொடுக்கலாம். வாயால் கேட்பது கேட்டதாகாது. வாசலில் கோஷம் போடுவதும் அப்படித்தான்.

மனுவை முந்தின நாளே மூன்று பிரதி எழுதி, எண்களுக்கு மட்டும் இடம் விட்டு வைத்திருங்கள்:

‘பெறுநர்: தேர்தல் நடத்தும் அலுவலர், ____ சட்டமன்றத் தொகுதி. 1961 தேர்தல் நடத்தை விதிகள், விதி 63(2)-இன்படி மறு எண்ணிக்கை கோரும் மனு. அறிவிக்கப்பட்ட வித்தியாசம் ____. நிராகரிக்கப்பட்ட தபால் ஓட்டு ____. இவற்றில் ____ என்ற காரணத்துக்காக நிராகரிக்கப்பட்டவை ____. அவற்றின் வரிசை எண்கள் ____. ____ஆம் சுற்று, ____ஆம் மேசை, பூத் ____-இல் 17சி இரண்டாம் பாகத்தில் ____ என்றும், படிவம் 20-இல் ____ என்றும் உள்ளது. இவற்றை மறுபடி சரிபார்க்கக் கோருகிறேன். நேரம் ____.’

ஒரு பிரதியில் பெற்றுக்கொண்ட கையெழுத்தும் நேரமும் வாங்குங்கள். ‘எல்லாவற்றையும் முதலிலிருந்து எண்ணுங்கள்’ என்று எழுதினால் தள்ளுவது எளிது. இயந்திரத்தில் ரிசல்ட்டை மறுபடி அழுத்தினால் அதே எண்தான் வரும் என்று ஆர்.ஓ.வுக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். குறிப்பிட்ட இடத்தைச் சுட்டிக் கேளுங்கள். மறுத்தாலும் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். அந்தத் தாளை வாங்காமல் நகராதீர்கள்.

குறிப்பிட்ட பூத்தின் விவிபாட் சீட்டை எண்ண வேண்டுமானால் அது தனி மனு, விதி 56டி. இதுவும் அதே இடைவெளியில்தான். இயந்திரமும் சீட்டும் ஒத்துவராவிட்டால் சீட்டின் எண்ணிக்கையே செல்லும். மனு ஏதும் இல்லாமலே தொகுதிக்கு 5 பூத்தின் சீட்டுகளைக் குலுக்கிப் போட்டு எடுத்து எண்ணுவார்கள். 2019 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னதிலிருந்து இப்படி. வங்கிக் காசாளர் கூண்டு மாதிரி வலையடித்த இடத்தில், 25 சீட்டுக்கு ஒரு கட்டாகக் கட்டுவார்கள். இங்கே எண்ணிக்கை கூடினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது, மாதிரி ஓட்டுச் சீட்டைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கறுப்பு உறையில் போட மறந்துவிட்டார்களா என்பதை.

இரண்டு பேருக்கும் சமமாக வந்தால் குலுக்கல். சீட்டு யாருக்கு விழுகிறதோ அவருக்கு ஒரு ஓட்டுக் கூடுதலாக வந்ததாகக் கணக்கு. குவாம் மாதிரி இன்னொரு தேர்தல் கிடையாது.

ஊராட்சித் தேர்தல் என்றால்

கிராம ஊராட்சியில் இன்னும் காகிதச் சீட்டு. 2019-இல் தலைவர் பதவிக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். முதலில் நிறவாரியாகப் பிரித்துக் கட்டுப்போட்ட பிறகே எண்ணுவார்கள். ஆபத்து இங்கேதான். ஒரு கட்டு தப்பான மேசைக்குப் போகும், அல்லது மேசைக்கே வராமல் பெட்டியில் தங்கும். காரைக்குடியை ஒட்டிய சங்கராபுரம் ஊராட்சியில் 2020 ஜனவரி எண்ணிக்கையில் தலைவர் பதவிக்கு ஒருவருக்கு வெற்றிச் சான்றிதழ் கொடுத்த பிறகு இன்னொருவருக்கும் கொடுத்தார்கள். வழக்கு கோர்ட்டுக்குப் போனது. ஆகவே வேட்பாளர்வாரி எண்ணுவதற்கு முன், ‘பெட்டியில் விழுந்த மொத்தச் சீட்டு இவ்வளவு, கட்டுகள் இவ்வளவு, மீதி இவ்வளவு’ என்ற கணக்கு முடிய வேண்டும் என்று வற்புறுத்துங்கள். காலிப் பெட்டியைக் கவிழ்த்துக் காட்டச் சொல்வதில் வெட்கம் வேண்டாம்.

சந்தேகச் சீட்டில் அதிகம் வருவது மடிப்பில் ஒட்டிய மை. சீட்டை மடித்ததும் ஈர முத்திரை எதிர்ப்பக்கத்து வேட்பாளர் கட்டத்திலும் பதிந்து, இரண்டு குறி மாதிரித் தெரியும். அம்புகள் சுழல்வது மாதிரி இருக்கும் அந்த முத்திரை இதற்காகவே அமைந்தது. ஒட்டிய பதிவில் அம்புகள் எதிர்த்திசையில் சுழலும், மங்கலாகவும் இருக்கும். நேராகச் சுழல்வது யார் கட்டத்தில் இருக்கிறதோ அவருக்கு ஓட்டு. இந்த ஒன்றைத் தெரிந்த ஏஜென்ட் ஒரு பகலில் பத்துப் பதினைந்து ஓட்டைக் காப்பாற்றிவிடுவார், ஊராட்சியில் அது வெற்றி வித்தியாசம்.

முடிவு வந்த பிறகு

சட்டமன்ற, மக்களவைத் தேர்தலில் இரண்டாவது, மூன்றாவது இடம் வந்தவர்கள் 5 சதவீதம் இயந்திரங்களின் மைக்ரோகன்ட்ரோலரை (உள்ளே இருக்கும் சிப்பை) சரிபார்க்கக் கேட்கலாம். உச்ச நீதிமன்றத்தின் 2024 ஏப்ரல் 26 தீர்ப்பு இது. முடிவு வந்த 7 நாளுக்குள் எழுத்தில் கேட்க வேண்டும், செலவு கேட்பவருடையது. தேர்தல் வழக்கு உயர் நீதிமன்றத்தில், அறிவிப்பிலிருந்து 45 நாளுக்குள், 2,000 ரூபாய் காப்புத்தொகையோடு. வேட்பாளர் மட்டுமின்றித் தொகுதியின் வாக்காளர் யாரும் போடலாம். எதிராளி தேர்வு செல்லாது என்பதோடு ‘நானே ஜெயித்ததாக அறிவியுங்கள்’ என்றும் கேட்டால், போட்டியிட்ட அத்தனை பேரையும் எதிர்மனுதாரராகச் சேர்க்க வேண்டும். ஒரு சுயேச்சை விட்டுப்போனால் மனு அங்கேயே விழும். ஊராட்சி வழக்கு மாவட்ட நீதிபதியிடம்.

மேசைக் குறிப்புகளையும், நகல்களையும், ஆர்.ஓ. எழுத்தில் மறுத்த தாளையும் அன்று இரவே வரிசைப்படுத்தி ஒரே கட்டாகக் கட்டி, எழுதியவர்களிடம் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். நாற்பது நாள் கழித்து வக்கீல் கேட்கும்போது ஐந்தாம் மேசைக்காரர் சிங்கப்பூர் போயிருப்பார்.